டிஸ்க் எல்லாம் நலம், போர்டுதான் போச்சு

ரெய்டு என்றதும் வருமான வரித்துறைக்காரர்கள் விடிகாலையில் வந்து பீரோவைக் குடைகிற சமாச்சாரம் என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கணும். இது கம்ப்யூட்டரில் இருக்கிற ரெய்டு. ஒன்றுக்கு மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டி, அதில் ஒன்று செத்தாலும் உள்ளே இருக்கும் தகவல் சாகாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. இதிலும் பீரோவைக் குடையும் கட்டம் ஒன்று வரும். கொஞ்சம் பொறுங்க :-)

ரெய்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் டிஸ்க் செத்தால் என்ன ஆகும் என்று விளக்குவதோடு கடையைச் சாத்திவிடுகிறார்கள். எனக்கு அதைவிட இன்னொரு கேள்வியில்தான் ருசி அதிகம். டிஸ்க் எல்லாம் கல்லு மாதிரி இருக்கிறது. அவற்றைக் கட்டி மேய்த்த மதர்போர்டு செத்துவிட்டது. அப்போது என்ன? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கணும் என்பார்களே, அந்தக் கதைதான். தகவல் அத்தனையும் அப்படியே இருக்கும். ஆனால் ஒரு கோப்பைக்கூடத் திறக்க முடியாது. இந்தப் பூசாரி எங்கிருந்து வந்தார், சாவி எப்படி அவர் கைக்குப் போனது, அப்புறம் அதை எப்படி மெதுவாகப் பிடுங்கினார்கள் என்பதைக் கொஞ்சம் பார்ப்போம்.

கொசுவத்தியை 1956-க்குச் சுத்துவோம். ஐபிஎம் அந்த வருஷம் வெளியிட்ட 305 ராமாக் கணினியோடுதான் ஹார்ட் டிஸ்க் என்கிற வஸ்து சந்தைக்கு வந்தது. 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள். கல்யாண வீட்டுத் தாம்பாளம் சைஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை தாம்பாளமும் சேர்ந்து 50 லட்சம் எழுத்துகளைத்தான் பிடிக்கும். இன்றைக்கு செல்போனில் எடுக்கிற ஒரு போட்டோ அதில் அடங்கினால் அதிர்ஷ்டம்.

அடுத்த முப்பது வருஷம் பெரிய கம்பெனிகளும் பேங்குகளும் ஒரே பெரிய டிஸ்க்கை நம்பித்தான் வண்டி ஓட்டின. ஐபிஎம் 3380 வரிசையில் ஒரு மாடல் 7,500 மெகாபைட் பிடிக்கும். 14 அங்குலத் தட்டுகள், விலையும் யானை விலை. இதே காலத்தில் பர்சனல் கம்ப்யூட்டர் வந்து, அதற்கென்று 3.5 அங்குலத்தில் குட்டி டிஸ்க்குகள் வர ஆரம்பித்தன. ஒவ்வொன்றும் 100 மெகாபைட். 75 குட்டிகளைச் சேர்த்தால் ஒரு யானை. 75 குட்டிகளும் ஒரே நேரத்தில் வேலை செய்தால் வேகமும் பல மடங்கு.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள். டேவிட் பேட்டர்சன், ராண்டி கட்ஸ் என்று இரண்டு பேராசிரியர்கள், கார்த் கிப்சன் என்று ஒரு ஆராய்ச்சி மாணவர். 1987 டிசம்பரில் ஆய்வறிக்கையாக எழுதி, 1988 ஜூனில் சிகாகோவில் நடந்த சிக்மாட் மாநாட்டில் கட்டுரையாகப் படித்தார்கள். ரெய்டு என்ற பெயர் அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே இருக்கிறது. அதிலுள்ள 'ஐ' என்ற எழுத்துக்கு அன்றைக்கு அர்த்தம் 'மலிவான'. பிற்பாடு இதே பெட்டியை லட்சக்கணக்கில் விற்ற கம்பெனிகளுக்கு மலிவு என்ற வார்த்தை தொண்டையில் சிக்கியிருக்கும் போல, அதே எழுத்துக்கு 'தனித்தனியான' என்று புதுப் பொருள் சொல்லிக்கொண்டார்கள்!

கட்டுரையில் எனக்குப் பிடித்த இடம், அவர்கள் தங்கள் யோசனையைத் தாங்களே போட்டுத் தாக்குகிற இடம். ஒரு குட்டி டிஸ்க் சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும் என்று கணக்கு. சரி. அப்படி 100 டிஸ்க்கை வைத்தால் அதில் ஏதோ ஒன்று 300 மணி நேரத்துக்கு ஒருமுறை போகும். அதாவது இரண்டு வாரம்கூடத் தாங்காது. நூறு பேர் இருக்கிற கூட்டுக் குடும்பத்தில் யாருக்காவது தினமும் காய்ச்சல் இருக்கத்தானே செய்யும்? அதனால் ஒன்று போனாலும் சமாளிக்க உபரியாக ஏதாவது எழுதி வைத்தே ஆகணும்.

அந்த உபரி எப்படி என்பதில்தான் அழகு இருக்கிறது. நாலு டிஸ்க் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றில் தகவல். முதல் டிஸ்க்கில் 1, இரண்டாவதில் 0, மூன்றாவதில் 1. நாலாவதில் எதை எழுதணும் என்றால், மொத்தத்தில் 1-களின் எண்ணிக்கை இரட்டைப் படையாக வருகிற மாதிரி எழுதணும். இங்கே ஏற்கனவே இரண்டு 1 இருப்பதால் 0. இப்போது முதல் டிஸ்க் செத்துவிட்டது. மிச்சம் 0, 1, 0. இரட்டைப் படைக்கு ஒன்று குறைகிறது, ஆகவே தொலைந்தது 1. அவ்வளவுதான் விஷயம். இந்த உபரிக்குப் பெயர் பாரிட்டி, அதைக் கணக்கிடும் முறைக்குப் பெயர் எக்ஸ்-ஆர்.

இதெல்லாம் ஆகாயத்திலிருந்து குதித்ததில்லை. இதே மாதிரி ஒரு யோசனைக்கு ஐபிஎம்மில் இருந்த நார்மன் கென் ஔச்சி என்பவர் பெயரில் 1978-லேயே அமெரிக்கக் காப்புரிமை கொடுத்திருக்கிறார்கள். ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கில் எழுதும் பழக்கத்தை டேண்டம் கம்பெனி அதற்கு முன்பிருந்தே வைத்திருந்தது. பெர்க்லிக்காரர்கள் இதையெல்லாம் 1 முதல் 5 வரை வகை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் விலை, வேகம், ஆயுள் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பெயர் வைத்தவன்தான் பெரியவன்.

அந்த ஐந்தாம் வகையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால்தான் மேற்கொண்டு கதை புரியும். தகவலைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஒன்றாம் துண்டு இந்த டிஸ்க்கில், இரண்டாம் துண்டு அடுத்ததில் என்று சீட்டுப் போடுகிற மாதிரி போட்டுக்கொண்டே போவார்கள். பாரிட்டியையும் ஒரே டிஸ்க்கின் தலையில் கட்டாமல், ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு டிஸ்க்குக்கு முறை மாற்றிக் கொடுப்பார்கள். எழுதும் பாரம் எல்லாருக்கும் சமமாகும். வேகம் கூடும்.

ஆனால் இப்படிப் போட்ட சீட்டைத் திரும்பச் சேர்க்கணும் என்றால் சில விவரங்கள் தெரிந்திருக்கணும். எந்த எந்த டிஸ்க், என்ன வரிசை, ஒரு துண்டு எவ்வளவு பெரியது, பாரிட்டி எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது, தகவல் எந்த இடத்தில் தொடங்குகிறது. இந்த ஐந்தாறு விவரத்தையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவிடலாம். அந்தச் சீட்டு இல்லையென்றால் நாலு டிஸ்க்கும் நாலு மூட்டைக் குப்பை. ஓலைச் சுவடியில் கயிறு அறுந்து ஏடுகள் கலைந்துபோனால் என்ன செய்வார்கள்? ஏட்டின் ஓரத்தில் எண் போட்டிருக்கும், அதைப் பார்த்து அடுக்கிவிடுவார்கள். எண்ணை ஏட்டிலேயே எழுதிய நம்ம ஆட்களுக்கு இருந்த யோசனை கம்ப்யூட்டர்க்காரர்களுக்கு வர ரொம்ப நாள் ஆயிற்று.

பெர்க்லியில் டிஸ்க்கைத் தவிர மற்றதும் சாகும் என்பது தெரிந்தேதான் இருந்தது. 1989-ல் அதே குழு 'ஒரு ரெய்டு எவ்வளவு நம்பகமானது?' என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து இன்னொரு கட்டுரை எழுதியது. பவர் சப்ளை, கேபிள், கன்ட்ரோலர் எல்லாவற்றின் ஆயுளையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரே கன்ட்ரோலரில் ஒரு கூட்டத்து டிஸ்க் எல்லாவற்றையும் மாட்டினால், அது போகும்போது கூட்டமே போகும். அதனால் ஒரு கூட்டத்து டிஸ்க்குகளை வெவ்வேறு கன்ட்ரோலரில் குறுக்கே பிரித்து மாட்டுங்கள் என்றார்கள். அந்த வருஷம் அவர்கள் கட்டிக் காட்டிய முதல் மாதிரியில் 28 டிஸ்க், 4 கன்ட்ரோலர். துண்டு போடுகிற வேலையைச் செய்தது சாஃப்ட்வேர்.

பெரிய பெட்டிக்கு இந்தப் புத்திமதி சரி. சின்னப் பெட்டிக்கு வந்தபோது காற்றில் விட்டுவிட்டார்கள்.

1990-களில் சர்வர்களுக்கென்று ரெய்டு கார்டுகள் வந்தன. சொந்தமாகச் சின்ன பிராசஸர், சொந்த நினைவகம், கரண்ட் போனாலும் பாதியில் இருக்கிற எழுத்தைக் காப்பாற்ற ஒரு பேட்டரி என்று தடபுடலாக இருக்கும். நான் சொன்ன துண்டுச் சீட்டை ஆரம்பகாலக் கார்டுகளில் பல தங்கள் சட்டைப்பையிலேயே, அதாவது கார்டில் இருக்கும் நினைவகத்திலேயே வைத்திருந்தன. கார்டு போனால் அதே கம்பெனியின் அதே மாதிரிக் கார்டைத் தேடி அலையணும். பிற்பாடு வந்த கார்டுகள் டிஸ்க்கிலும் ஒரு பிரதி எழுதிவைக்க ஆரம்பித்தன.

2000-ஐ ஒட்டி இந்தச் சரக்கு வீட்டுக்குள் நுழைந்தது. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் நோண்டிகள் நடுவில் ஒரு கதை பிரசித்தம். பிராமிஸ் என்ற கம்பெனி இரண்டு கார்டு விற்றது. ஒன்று சாதாரண அல்ட்ரா66, விலை கம்மி. இன்னொன்று ஃபாஸ்ட்ராக்66, ரெய்டு வசதி உண்டு, விலை ஜாஸ்தி. சாதாக் கார்டில் ஒரே ஒரு ரெசிஸ்டரைப் பற்றவைத்து, ரெய்டு கார்டின் பயாஸை ஏற்றிவிட்டால் அது ஃபாஸ்ட்ராக் ஆகிவிடும் என்று யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். அப்புறம் என்ன, சால்டரிங் அயர்னோடு ஒரு கூட்டமே கிளம்பிவிட்டது.

சிரிப்பு ஒருபக்கம் இருக்கட்டும். இந்தக் கதை ஒரு உண்மையைப் போட்டு உடைத்தது. எக்ஸ்-ஆர் கணக்குப் போடத் தனி சில்லு எதுவும் அங்கே இல்லை. பயாஸில் கொஞ்சம் நிரல், விண்டோஸில் ஒரு டிரைவர், கணக்கு முழுக்க நம்ம பிராசஸர் தலையில். பெர்க்லியில் 1989-ல் சாஃப்ட்வேரில் செய்ததையே இங்கேயும் செய்தார்கள். பெட்டியில் மட்டும் ஹார்ட்வேர் மாதிரி அச்சடித்தார்கள். இதற்கு லினக்ஸ்காரர்கள் வைத்த பெயர் 'போலி ரெய்டு'.

அதே வருஷம் ஆபிட் கேடி7-ரெய்டு மாதிரி மதர்போர்டுகளில் ஹைபாயின்ட் சில்லு ஒட்டியே வந்தது. 2004-ல் இன்டெல் தன் ஐசிஎச்6ஆர் சில்லில் 'மேட்ரிக்ஸ் ரெய்டு' கொடுத்தது. இரண்டே டிஸ்க்கில் ஒரு பகுதியை வேகத்துக்கும் ஒரு பகுதியைப் பாதுகாப்புக்கும் பிரித்துக்கொள்ளலாம். தனிக் கார்டுக்குத் தண்டம் அழாமல் எல்லாரும் ரெய்டு போட்டுக்கொண்டார்கள். பூசாரி இப்படித்தான் வீட்டுக்கு வந்தார்.

இங்கேதான் சரித்திரம் ஒரு குறும்பு பண்ணியது. அதே வருஷங்களில் மதர்போர்டு உலகத்தில் ஒரு கொள்ளைநோய் ஓடிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய 1999 முதல் 2007 வரை தயாரான கெபாசிட்டர்களில் ஏகப்பட்டவை, உள்ளே இருக்கும் வேதித் திரவம் சரியில்லாமல், ஒன்றிரண்டு வருஷத்தில் தலை உப்பி, பழுப்பாக ஒழுகி, செத்துப்போயின. கெபாசிட்டர் போனால் பிராசஸருக்குச் சீரான மின்சாரம் கிடைக்காது. போர்டு முதலில் அடிக்கடி உறையும், அப்புறம் ஒருநாள் மொத்தமாகக் கண்ணை மூடும். டெல் கம்பெனி இந்தப் பிரச்சினைக்காக 2005-ல் 30 கோடி டாலர் ஒதுக்கவேண்டி வந்தது என்றால் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

யோசித்தால் வயிற்றைக் கலக்கும். ஒன்று செத்தாலும் பிழைக்கட்டும் என்று டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டி, அந்தக் கட்டின் சாவியை எதனிடம் கொடுத்தோமோ, அந்தப் பொருளே கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த காலம் அது.

போர்டு செத்தால் புதுசு வாங்கி மாட்டவேண்டியதுதானே என்பீர்கள். அங்கே இரண்டு சிக்கல். துண்டுச் சீட்டை இவர்களும் டிஸ்க்கில்தான் எழுதினார்கள். ஆனால் ஆளுக்கொரு பாஷையில், ஆளுக்கொரு இடத்தில் எழுதினார்கள். இன்டெல் டிஸ்க்கின் கடைசிக்கு முந்தைய செக்டாரில் தன் கையெழுத்தோடு எழுதும். ஹைபாயின்ட் ஆரம்பத்தை ஒட்டி எழுதும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்கமாட்டார். வேறு சில்லு இருக்கிற போர்டில் மாட்டினால் "இவை ரெய்டு டிஸ்க் அல்ல" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிடும்.

இரண்டாவது சிக்கல் இன்னும் மோசம். சில போர்டுகள் தங்கள் பயாஸின் நகலைப் பத்திரப்படுத்துகிறேன் பேர்வழி என்று, மாட்டிய டிஸ்க்கின் வால்பகுதியில் கொஞ்சம் இடத்தை யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டு, டிஸ்க்கின் அளவையே குறைத்துக் காட்டின. துண்டுச் சீட்டு இருப்பது எங்கே? அதே வால்பகுதியில். வேலியே பயிரை மேய்ந்த கதை.

இந்தக் கூத்தைத் தீர்த்தவர்கள் கம்பெனிக்காரர்கள் அல்ல, இலவசமாக நிரல் எழுதியவர்கள். ஃப்ரீபிஎஸ்டியில் சோரன் ஷ்மிட், 2001 வாக்கில் லினக்ஸில் அர்ஜன் வான் டி வென் போன்றவர்கள் பிராமிஸும் ஹைபாயின்ட்டும் எழுதிய சீட்டுகளைப் படிக்கிற நிரல்களை எழுதினார்கள். 2004-ல் ஹைன்ஸ் மௌல்ஸ்ஹாகன் எழுதிய டிஎம்ரெய்டு வந்தது. பல கம்பெனிகளின் பாஷை அதற்குத் தெரியும். செத்த போர்டின் டிஸ்க்குகளை ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் மாட்டி, லினக்ஸ் சிடியைப் போட்டால் அதுபாட்டுக்குப் படிக்கும்.

இன்னொரு பக்கம் ஆஸ்திரேலியாவில் நீல் பிரவுன் 2001-ல் எம்டி-அட்ம் என்ற கருவியை எழுதினார். லினக்ஸின் சொந்த ரெய்டுக்கு இதுதான் சாவிக்கொத்து. இங்கே பூசாரியே கிடையாது. ஒவ்வொரு டிஸ்க்கும் "நான் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன், எனக்கு இத்தனையாவது இடம், துண்டு இவ்வளவு" என்று தன் நெற்றியில் தானே எழுதி வைத்திருக்கும். எந்தப் போர்டில், எந்த வரிசையில் மாட்டினாலும் ஒன்றையொன்று கண்டுபிடித்துச் சேர்ந்துகொள்ளும். 2009-ல் வந்த அதன் 3.0 பதிப்பு இன்டெல்லின் சீட்டையும், எல்லாருக்கும் பொதுவாக ஸ்னியா அமைப்பு வகுத்த டிடிஎஃப் சீட்டையும் படிக்கக் கற்றுக்கொண்டது.

சரி, சீட்டே அழிந்துபோனால்? பீரோவைக் குடையும் கட்டம் வந்தாச்சு.

2011-ல் எனக்குத் தெரிந்த ஸ்டுடியோக்காரர் ஒருவர் கூப்பிட்டார். 320 ஜிபியில் நாலு டிஸ்க், போர்டிலேயே இருக்கிற ரெய்டு 5, ஐந்து வருஷக் கல்யாண போட்டோக்கள். போர்டு போய்விட்டது. கடையில் வேறு போர்டு மாட்டிய பையன், திரையில் "புதிதாக ரெய்டு உருவாக்கவா?" என்று வந்த கேள்விக்கு ஆமாம் என்று அழுத்திவிட்டிருக்கிறான். பழைய சீட்டின் மேல் புதுச் சீட்டு. டிஸ்க்கின் தலைப்பகுதியும் துடைத்தாயிற்று. "சார், ஒரு பொண்ணு போன வாரம் வந்துச்சு. அதோட அக்கா கல்யாணத்துல எடுத்த படம் ஒண்ணுதான் அவங்க அப்பா சிரிச்ச முகமா இருக்கிறது. அவர் இப்போ இல்லை. பிரிண்ட் கேட்டுச்சு, நாளைக்குத் தர்றேன்னு சொல்லிட்டேன்" என்றார். அந்த நாளைக்கு முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது.

முதல் வேலை, நாலு டிஸ்க்கையும் ஒரு 2 டிபி டிஸ்க்குக்கு பிட் பிட்டாக நகலெடுத்து, மூலத்தை எடுத்து வைத்துவிடுவது. இனி எதைக் கிளறினாலும் நகலில்தான். இரண்டாவது, நாலு நகலையும் ஒன்றோடொன்று எக்ஸ்-ஆர் செய்து பார்ப்பது. எல்லாம் ஒழுங்காக இருந்தால் விடை எங்கும் பூஜ்யமாக வரணும். ஆரம்பத்திலும் வாலிலும் தவிர மற்றதெல்லாம் பூஜ்யம். எனக்குப் பாதி உயிர் வந்தது. நாலு டிஸ்க்கும் ஒரே காலத்தவை, பாரிட்டி சரி, தகவல் முழுசாக இருக்கிறது. வழிதான் தெரியவில்லை.

நாலு டிஸ்க்கை 24 விதமாக வரிசைப்படுத்தலாம். பாரிட்டி சுற்றுகிற முறை வழக்கத்தில் 4. துண்டின் அளவு 4 கேபியிலிருந்து 512 வரை 8 விதம். பெருக்கினால் 768. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம்தான், ஆனால் ஒரு பொறி இருக்கிறது. ஒரு துண்டுக்குள் அடங்கும் சின்னப் படம் தப்பான வரிசையிலும் அழகாகத் திறந்து நம்மை ஏமாற்றும்.

அப்போது கைகொடுத்தது என்டிஎஃப்எஸ். விண்டோஸ் தன் கோப்புகளின் பட்டியலை எம்எஃப்டி என்ற ஏட்டில் வைத்திருக்கும். ஒவ்வொரு கோப்புக்கும் 1 கேபி அளவில் ஒரு பதிவு. எக்ஸ்பி காலத்திலிருந்து ஒவ்வொரு பதிவும் தன் எண்ணைத் தானே சுமந்துகொண்டிருக்கிறது. ஏட்டில் எண்! ஒரு டிஸ்க்கில் பதிவுகள் ஒழுங்காக ஏறி, 64 வாக்கில் எண்ணியதும் தாவுகிறது. விட்ட எண் இன்னொரு டிஸ்க்கில் தொடர்கிறது. ஆக, துண்டு 64 கேபி. எந்த டிஸ்க்கிலிருந்து எந்த டிஸ்க்குக்குத் தாவுகிறது என்று ஒரு காகிதத்தில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டே வந்தால் வரிசையும் வந்துவிடும்.

இதிலும் ஒரு வேடிக்கை. பாரிட்டித் துண்டும் எம்எஃப்டி மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு வந்து நின்றது. ஒரே எழுத்தை மூன்று முறை எக்ஸ்-ஆர் செய்தால் அதே எழுத்துதானே வரும்? அதனால் பதிவின் தலையில் இருக்கும் முத்திரை பாரிட்டியிலும் பளிச்சென்று தெரியும். ஆனால் எண் பொய் சொல்லும், வேறு இடத்தில் இருக்கிற எண்ணையே திருப்பிச் சொல்லும். உள்ளே கோப்பின் பெயரைப் பார்த்தால் குப்பையாக இருக்கும். அப்படிக் குப்பையான கட்டங்களுக்கெல்லாம் பென்சிலில் பெருக்கல் குறி போட்டேன். குறிகள் காகிதத்தில் குறுக்கே சாய்வாக, படிக்கட்டு மாதிரி இறங்கின. பாரிட்டி சுற்றும் திசை அதுதான்.

ராத்திரி இரண்டரை மணிக்கு வரிசையைக் கொடுத்து, 5 எம்பி இருக்கிற படமாகப் பார்த்துத் திறந்தோம். ஏதோ ஒரு பந்தி. இலை, பரிமாறுகிறவர், கடைசி வரிசை வரைக்கும் படம் முழுசு. ஸ்டுடியோக்காரர் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பெண்ணின் அக்கா கல்யாணத் தேதியைப் போட்டுத் தேட ஆரம்பித்தார்.

அந்த அப்பாவின் படம் கிடைத்தது. எல்லாப் படமும் கிடைத்தது என்று சொல்லமாட்டேன். எக்ஸ்-ஆர் பூஜ்யம் வராத இடங்கள் நடுவிலும் நாலைந்து இருந்தன. டிஸ்க்கில் ஒரு துண்டை எழுதி முடித்து, அதற்குரிய பாரிட்டியை எழுதுவதற்குள் போர்டு உயிரை விட்டால் இரண்டும் பொருந்தாது. இதற்கு 'எழுத்து ஓட்டை' என்று அர்த்தம் வருகிற ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். இப்போதைக்குத் தொல்லை தராது. பின்னால் ஒரு டிஸ்க் செத்து, அந்தப் பாரிட்டியை வைத்து மீட்கும்போது குப்பையைத் தரும். பேட்டரி வைத்த கார்டுகள் இதற்குத்தான் அவ்வளவு விலை.

இந்த ஓட்டையையும் சாவிப் பிரச்சினையையும் சேர்த்து யோசித்தவர்கள் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்தார்கள். ஜெஃப் பான்விக்கும் மேத்யூ அரென்ஸும் 2001-ல் இசட்எஃப்எஸ் வேலையைத் தொடங்கினார்கள். 2005-ல் அதன் நிரல் ஓப்பன்சோலாரிஸில் எல்லாருக்கும் கிடைத்தது. அதில் பழைய தகவலின் மேல் புதுசை எழுதுவதே கிடையாது. புதிய இடத்தில் முழு வரிசையாக எழுதி முடித்த பிறகுதான் பழசை விடும், ஆகவே பாதியில் செத்தாலும் பழசு பத்திரம். துண்டுச் சீட்டு? ஒவ்வொரு டிஸ்க்கிலும் நாலு பிரதி. தலையில் இரண்டு, வாலில் இரண்டு. பிராசஸர் இனமே மாறினாலும் படிக்கும். லினக்ஸின் சொந்த ரெய்டும் 2016, 2017 வாக்கில் எழுத்து ஓட்டையை அடைக்கத் தனி வழிகளைச் சேர்த்துக்கொண்டது.

1988-லிருந்து இவ்வளவு தூரம் வந்ததில், எக்ஸ்-ஆர் கணக்கு துளிகூட மாறவில்லை. மாறியதெல்லாம் அந்தச் சீட்டு இருக்கிற இடம்தான். கார்டின் சட்டைப்பையில் இருந்தது, அப்புறம் டிஸ்க்கின் வாலில் ரகசிய பாஷையில், கடைசியில் ஒவ்வொரு டிஸ்க்கிலும் எல்லாரும் படிக்கும்படி. மதர்போர்டு ரெய்டு இன்றைக்கும் விற்பனையில்தான் இருக்கிறது. அதில் தகவலை வைத்திருப்பவர்களுக்குச் சொல்வது இவ்வளவுதான்: டிஸ்க்குகளின் மேல் 1, 2, 3, 4 என்று மார்க்கரால் எழுதுங்க. ரெய்டு வகை, துண்டின் அளவு, போர்டின் மாடல் மூன்றையும் காகிதத்தில் குறித்துப் பெட்டியின் உள்பக்கம் ஒட்டுங்க. போர்டு போனால், நகல் எடுக்கும்வரை எந்தக் கேள்விக்கும் ஆமாம் என்று அழுத்தாதீங்க.

அப்புறம், ரெய்டு இருக்கிறதே என்று தனியாக ஒரு பிரதி எடுக்காமல் இருக்காதீங்க. அந்தப் பெர்க்லிக் கட்டுரை டிஸ்க் சாவதற்குத்தான் கணக்குப் போட்டது. வைரஸுக்கும், திருட்டுக்கும், ஆமாம் என்று அழுத்துகிற விரலுக்கும் எந்த வகை ரெய்டிலும் பாரிட்டி கிடையாது.